லேபிலிருந்து லஞ்ச் தட்டு வரை



ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். கடைசியா எப்போ ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்னாடி இருக்கிற அந்தக் குட்டிக் கட்டத்தைப் படிச்சீங்க? புரதம் இவ்வளவு கிராம், கொழுப்பு இவ்வளவு, கலோரி இவ்வளவுன்னு போட்டிருக்குமே, அதைத்தான் கேக்குறேன். நம்மில் பலர் படிக்கிறதே இல்லை. படிக்கிறவங்களும் படிச்சு முடிச்சிட்டு அதே பிஸ்கட்டைத்தான் சாப்பிடுறோம். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹாஸ்டலில் பசி எடுத்தா யாருக்கும் கிராம் கணக்கு ஞாபகம் வராது.

போன வருஷம் என்.எஸ்.எஸ். முகாமுக்காக ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். சரிவிகித உணவு பற்றி கலர் கலரா சார்ட் வரைஞ்சு எடுத்துட்டுப் போனோம். சுவரில் ஒட்டினோம், பேசினோம், போட்டோ எடுத்தோம், வந்துட்டோம். அந்தப் பிள்ளைங்க அன்னிக்குக் காலையில் என்ன சாப்பிட்டாங்கன்னு எங்களில் ஒருத்தரும் கேக்கலை. அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சது. உறைக்க வைத்தது, 100 வருஷத்துக்கு மேலே முன்னாடி இறந்துபோன ஒரு வேதியியலாளரின் வாழ்க்கை.

அவர் பெயர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். எம்.ஐ.டி.யில் படித்த முதல் பெண். (எம்.ஐ.டி.ன்னதும் குரோம்பேட்டைக்கு வண்டியைத் திருப்பிடாதீங்க. இது அமெரிக்காவில், அப்போது பாஸ்டன் நகரத்தில் இருந்த மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.) சாப்பாட்டோட சத்துக் கணக்கை அச்சடிச்சு, சாப்பிட வந்தவங்க கையிலேயே கொடுத்த முதல் சிலரில் இவரும் ஒருவர். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு எப்படி இருக்கணும்னு யோசிச்ச முன்னோடிகளில் ஒருவர். அவர் ஜெயிச்ச கதை நிறைய இடத்தில் கிடைக்கும். அவர் தோத்த இடத்தையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடைக்காரர் மகள்

எலன் பிறந்தது 1842 டிசம்பர் 3ஆம் தேதி. ஊர், மசாசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்கிற சிற்றூர். அப்பா, அம்மா இரண்டு பேருமே ஆசிரியர் வேலை பார்த்தவர்கள். எலன் ஒரே பிள்ளை. சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1859ல், மகள் நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பம் வெஸ்ட்ஃபோர்டு என்கிற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்பா ஒரு கடை வைத்தார். படிப்பு போக மிச்ச நேரத்தில் எலன் கடையில் நின்றார்.

கடையில் நின்னு பழகினவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எது நல்ல சரக்கு என்பது ஒரு கணக்கு, எதை வாங்க வர்றாங்க என்பது வேற கணக்கு. இந்த இரண்டாவது கணக்கை மனசில் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. அதற்கு மேல் படிக்க ஆசை, ஆனால் கையில் காசு இல்லை. பெண்களைச் சேர்த்துக்கொள்கிற கல்லூரிகளும் அப்போது மிகக் குறைவு. எலன் பாடம் சொல்லிக் கொடுத்தார், டியூஷன் எடுத்தார், வீடு சுத்தம் செய்கிற வேலைக்கும் போனார். இப்படி வருஷக்கணக்கில் சேர்த்தது 300 டாலர். அந்தப் பணத்தோடு 1868ல் நியூயார்க் மாநிலத்தில் இருந்த வாசர் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது வயது 25. நம்மில் பலர் அந்த வயசில் முதல் வேலையை விட்டு இரண்டாவது வேலைக்குத் தாவிக்கிட்டு இருப்போம். அவர் அப்போதான் கல்லூரி வாசலை மிதித்தார்.

வாசரில் அவருக்கு மரியா மிட்செல் வானியல் ஆசிரியர். வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர். எலனுக்கு வானியலும் பிடித்தது, வேதியியலும் பிடித்தது. கடைசியில் வேதியியலையே தேர்ந்தெடுத்தார். பக்கத்தில் இருக்கிற மனுஷங்களுக்கு உடனே உதவக்கூடிய ஒரு படிப்பு வேண்டும் என்பது அவர் நினைப்பு. இரண்டே வருஷத்தில், 1870ல் பட்டம் வாங்கினார்.

மாணவிதான், ஆனா மாணவி இல்லை

பட்டம் வாங்கின கையோடு வேதியியல் நிறுவனங்களுக்கு வேலை கேட்டு எழுதினார். எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. எம்.ஐ.டி.யில் முயற்சி செய்து பார்க்கும்படி ஒரு நிறுவனம் யோசனை சொன்னது. அதுவரைக்கும் அங்கே ஒரு பெண்கூடப் படித்ததில்லை. எலன் விண்ணப்பித்தார். 1870 டிசம்பரில் இடம் கிடைத்தது, அதுவும் ஃபீஸ் இல்லாமல்!

கஷ்டப்படுகிற குடும்பம் என்பதால் சலுகை கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எலன் நினைத்துக்கொண்டார். உண்மை பல நாள் கழித்துத் தெரிந்தது. பெண்ணைச் சேர்த்தது பற்றி யாராவது பிரச்சினை கிளப்பினால், இவர் நம் மாணவியே இல்லை என்று நிர்வாகம் சொல்லிக்கொள்ள வசதியாக அந்த ஏற்பாடு. பணம் கட்டாதவர் பெயர் பட்டியலில் இருக்காது இல்லையா? இது முன்னாடியே தெரிந்திருந்தால் சேர்ந்திருக்கவே மாட்டேன் என்று பிற்பாடு அவர் சொல்லியிருக்கிறார். தெரியாமல் போனது நம்ம அதிர்ஷ்டம்.

லேபில் அவர் நடந்துகொண்ட விதமும் கவனிக்க வேண்டியது. மேசையைத் துடைத்து வைப்பார், பேராசிரியர்களுக்குக் கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பார், யாருக்காவது விரலில் அடிபட்டால் கட்டுப் போடுவார். இதையெல்லாம் ஏன் செய்யணும்னு இன்னிக்கு நமக்குக் கோபம் வரும். அவருக்கு அது ஒரு வழி. தன்னைத் துரத்த யாருக்கும் காரணம் கிடைக்கக் கூடாது, தான் அங்கே இருப்பது பழகிப்போக வேண்டும், பின்னால் வருகிற பெண்களுக்குக் கதவு மூடக் கூடாது. அவ்வளவுதான்.

1873ல் எம்.ஐ.டி. அவருக்கு இளம் அறிவியல் பட்டம் கொடுத்தது. அதே வருஷம் வாசர் கல்லூரி முதுகலைப் பட்டம் கொடுத்தது. முனைவர் பட்டத்துக்கும் ஆசைப்பட்டுத் தொடர்ந்து உழைத்தார். அது கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை.

கல்யாணக் கதையும் லேபில்தான். சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸ் தன் விருப்பத்தை வேதியியல் லேபில் வைத்தே சொன்னார். எலன் இரண்டு வருஷம் யோசித்தார். 1875 ஜூனில் கல்யாணம். தேனிலவுக்கு எங்கே போனார்கள் தெரியுமா? கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு, ராபர்ட்டின் மாணவர்கள் கூட்டத்தோடு, சுரங்கம் பார்க்க! ஐ.வி. போகிற பஸ்ஸிலேயே தேனிலவை முடிச்ச தம்பதி இவங்க மட்டும்தான்னு நினைக்கிறேன்.

1876ல், பாஸ்டன் பெண்கள் அமைப்பு ஒன்றின் உதவியோடு, எம்.ஐ.டி.யில் பெண்களுக்கான தனி ஆய்வகம் திறக்கப்பட்டது. எலன் அங்கே சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். சம்பளம் வாங்காதது போதாதென்று, வருஷத்துக்கு ஏறக்குறைய 1000 டாலர் தன் கைக்காசையும் போட்டார். 1883ல் அந்த ஆய்வகம் மூடப்பட்டது. தோல்வியால் இல்லை. பெண்களை மற்ற மாணவர்களோடு சேர்த்தே படிக்க வைக்க எம்.ஐ.டி. ஒத்துக்கொண்டதால், தனி ஆய்வகம் தேவைப்படவில்லை.

தண்ணீரை அளந்தவர்

1884ல் எலன் எம்.ஐ.டி.யின் சுகாதார வேதியியல் ஆய்வகத்தில் இன்ஸ்ட்ரக்டர் ஆனார். சாகும் வரை அதே பதவிதான், பேராசிரியர் ஆக்கவே இல்லை. ஆனால் அந்த ஆய்வகத்திலிருந்து வந்த வேலை பெரியது. 1887ல் மசாசூசெட்ஸ் மாநில சுகாதார வாரியத்துக்காகக் குடிநீர் ஆய்வு தொடங்கியது. மாநிலம் முழுக்க ஆறு, ஏரி, கிணறு என்று 20,000க்கும் மேற்பட்ட மாதிரிகள். அமெரிக்காவில் அந்த அளவில் அதுவே முதல் ஆய்வு.

அதில் ஒரு அழகான யோசனை இருக்கு, சிவில், கெமிக்கல் மக்கள் ரசிப்பீங்க. கடலோரத்துத் தண்ணீரில் இயல்பாகவே உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். உள்நாட்டுக்குள் போகப் போகக் குறையும். எந்தத் தூரத்தில் எவ்வளவு குளோரின் இருப்பது இயல்பு என்று வரைபடமாகப் போட்டார்கள். அதற்கு மேல் ஒரு ஊர்த் தண்ணீரில் குளோரின் இருந்தால்? மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கிருமியைக் கண்ணால் பார்க்காமலே ஆபத்து எங்கே இருக்கிறது என்று காட்டுகிற வரைபடம்! அமெரிக்காவில் முதன்முதலாகக் குடிநீருக்கு மாநில அளவில் தர வரையறை வந்ததற்கு இந்த வேலை அடிப்படை.

இதோடு உணவுக் கலப்படத்தையும் சோதித்தார். மளிகைக் கடைச் சாமான்களை லேபுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தார், அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். சமையலுக்கும் சுத்தத்துக்கும் பின்னால் இருக்கிற வேதியியலைப் பற்றி வீட்டுப் பெண்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். கல்லூரிக்கு வர முடியாத பெண்களுக்குத் தபாலிலேயே அறிவியல் பாடம் நடத்தினார். ஆன்லைன் கோர்ஸெல்லாம் நம்ம காலத்துக் கண்டுபிடிப்புன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்!

இப்போ அவர் மனசை யோசிச்சுப் பாருங்க. தண்ணீரை அளந்தார், எண்களைக் காட்டினார், அரசாங்கம் மாறியது. அளந்து காட்டினால் உலகம் மாறும் என்று ஒரு பொறியாளருக்கு நம்பிக்கை வர இதைவிட என்ன வேணும்? அதே நம்பிக்கையோடுதான் சாப்பாட்டுப் பக்கம் திரும்பினார்.

பிளெசன்ட் தெருச் சமையலறை

1890 ஜனவரி 24. பாஸ்டன் பிளெசன்ட் தெருவில் நியூ இங்கிலாந்து கிச்சன் என்று ஒரு சமையலறை திறந்தது. பணம் கொடுத்தவர் பாலின் ஷா என்கிற கொடையாளர். நடத்தியவர் மேரி ஏபல். இவர் ஜெர்மனியில் இருந்தபோது பொதுச் சமையலறைகளைப் பார்த்து வந்தவர். அறிவியல் மூளை எலன்.

நோக்கம் ரொம்ப நல்ல நோக்கம். பாஸ்டனில் பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள், கிடைக்கிற கூலியில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவழித்தன. அந்தக் காசுக்குச் சரியான சத்து கிடைக்கவில்லை என்று எலன் கணக்குப் போட்டார். மலிவான இறைச்சித் துண்டு, பட்டாணி, சோளமாவு இவற்றை வைத்தே முழுச் சத்துள்ள சாப்பாடு சமைக்க முடியும். சமைத்து, குறைந்த விலைக்கு விற்போம். மக்கள் பாத்திரத்தோடு வந்து வாங்கிக்கொண்டு போகட்டும். எப்படிச் சமைக்கிறோம் என்பதையும் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

சமையல் நடந்த விதத்தைப் பார்த்தால் அது சமையலறையா, லேபான்னு சந்தேகம் வரும். ஒரு சூப்பைத் திரும்பத் திரும்பச் சமைப்பார்கள், சாம்பிள் எடுத்துச் சோதிப்பார்கள். எத்தனை தடவை செய்தாலும் ருசியும் சத்தும் ஒரே அளவில் வரும் வரைக்கும் விட மாட்டார்கள். எட்வர்ட் அட்கின்சன் என்பவர் வடிவமைத்த அலாவுதீன் அடுப்பையும் பயன்படுத்தினார்கள். வெப்பம் வெளியே போகாதபடி சுவர் கட்டிய ஒரு பெட்டி, அடியில் மண்ணெண்ணெய் விளக்கு. குறைந்த எரிபொருளில் மெதுவாக, மணிக்கணக்கில் வேகும். மலிவான, கடினமான இறைச்சிகூட மெத்தென்று ஆகிவிடும். தெர்மோ படிச்ச யாருக்கும் அந்தப் பெட்டி பிடிக்கும்.

மாட்டிறைச்சிச் சாறு, பட்டாணி சூப், சோளமாவுக் களி, ஓட்ஸ் கஞ்சி, அரிசிப் புட்டிங். இதுதான் மெனு. விலை குறைவு, சுத்தம் உறுதி, சத்து கணக்குப் போட்டது. இதில் குறை சொல்ல என்ன இருக்கு?

1893ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே எலன் ஒரு மாதிரிச் சமையலறை போட்டார். பெயர் ரம்ஃபோர்டு கிச்சன். வெப்பவியலில் நாம் படிக்கிற அதே கவுன்ட் ரம்ஃபோர்டு பெயர்தான். அவரும் மசாசூசெட்ஸில் பிறந்தவர், ஏழைகளுக்கு மலிவான சூப் எப்படிக் கொடுப்பது என்று ஆராய்ந்தவர். 30 சென்ட் கொடுத்தால் ஒரு வேளைச் சாப்பாடு. கூடவே மெனு அட்டையில் அந்தச் சாப்பாட்டில் புரதம் எத்தனை கிராம், கொழுப்பு எவ்வளவு, மாவுச்சத்து எவ்வளவு, மொத்தம் எத்தனை கலோரி என்று அச்சடித்திருந்தது. இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 10,000 பேர் அங்கே சாப்பிட்டார்கள். கட்டுரை ஆரம்பத்தில் பார்த்த அந்தக் குட்டிக் கட்டத்துக்கு இது பாட்டி முறை.

தெரு சொன்ன பதில்

கண்காட்சியில் கூட்டம். ஆனால் யாருக்காகத் தொடங்கினார்களோ அந்தத் தெருவில்?

வரவில்லை. கொஞ்ச நாள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், அப்புறம் குறைந்தது. நோயாளிகளுக்கு இறைச்சிச் சாறு வாங்க வந்தவர்களும், ஓரளவு வசதியானவர்களும்தான் நிலையான வாடிக்கையாளர்கள். இத்தாலியர்கள் நிறைய வாழ்ந்த பகுதியில் ஒரு கிளை திறந்தார்கள், அது ஓடவில்லை. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்கிற சமூக இல்லத்தில் இதே மாதிரி ஒரு சமையலறை திறந்தார்கள். அக்கம்பக்கத்து மக்கள் அங்கேயும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. மக்களுடைய ருசியை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று ஆடம்ஸ் பின்னாளில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்.

காரணம் புரியுது இல்லையா? வந்தவர்கள் அயர்லாந்திலிருந்து, இத்தாலியிலிருந்து, ஐரோப்பாவின் எங்கெங்கோ இருந்தெல்லாம் கப்பல் ஏறி வந்தவர்கள். ஊரை விட்டாச்சு, மொழியும் புதுசு, வேலை ஃபேக்டரியில். பழைய வாழ்க்கையில் மிச்சம் இருந்தது அடுப்பில் கொதிக்கிற அந்த ஒரு பாத்திரம்தான். அதையும் விட்டுட்டு, மசாலா இல்லாத பட்டாணி சூப்பைக் குடிங்கன்னா? சத்து இருக்கலாம். ஆனா அது அவங்க சாப்பாடு இல்லை. வீட்டை விட்டு வந்து ஹாஸ்டலில் முதல் வாரம் சாம்பாரை முகர்ந்து பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் மகள் சின்ன வயசில் பார்த்த இரண்டாவது கணக்கு இதுதான். எது நல்லது என்பதை எலன் அளந்தார். எது வேணும் என்பதைக் கேக்கலை.

பள்ளிக்கூட மணி அடிச்சது

இங்கேயே நின்றிருந்தால் அது ஒரு தோல்விக் கதை. 1894ல் வேறொரு கதவு திறந்தது.

பாஸ்டன் உயர்நிலைப் பள்ளிகளில் அதுவரைக்கும் மதிய நேரத்தில் சாப்பிட விற்றவர்கள், பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பணியாளர்கள். அவர்களுக்கு அது பக்க வருமானம். எது விற்குமோ அதை விற்றார்கள். வளருகிற பிள்ளைக்கு அது போதுமா என்று கேட்க யாரும் இல்லை. 1894ல் பாஸ்டன் பள்ளிக் குழு ஒரு முடிவெடுத்தது. இனிமேல் பள்ளிக்குள் விற்கிற சாப்பாடு, குழுவின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். வழங்குகிற பொறுப்பு எலனின் நியூ இங்கிலாந்து கிச்சனுக்கு வந்தது. வருமானம் போன பணியாளர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்ப்பு வந்தது. ஆனாலும் முடிவு நின்றது.

வேலை நடந்த முறையைப் பாருங்க. ஒரே மையச் சமையலறையில் சமையல். அங்கிருந்து பள்ளிகளுக்குச் சாப்பாடு போகும். பிள்ளைகள் சின்னத் தொகை கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். தர்மம் இல்லை, இலவசம் இல்லை. வருகிற காசிலேயே திட்டம் தன் காலில் நின்றது. தெருவில் ஆள் பிடிக்க முடியாத அதே சமையலறை, பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்கில் ஓடியது.

ஏன் இங்கே நடந்தது, அங்கே நடக்கலை? என் கணக்கில் மூணு காரணம் தெரியுது. முதலாவது, இங்கே யாருடைய வீட்டுப் பாத்திரத்தையும் யாரும் பிடுங்கவில்லை. வீட்டில் அம்மா சமைக்கிறது அப்படியே இருந்தது. பள்ளிச் சாப்பாடு கூடுதலாக வந்தது. இரண்டாவது, பிள்ளைகள் கூட்டமாகச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருக்கிறவன் குடிக்கிற சூப்பை நாமும் ஒரு வாய் குடிச்சுப் பார்ப்போம், அது மனுஷ சுபாவம். மூணாவது, தினமும் நடந்தது. ஒரு நாள் கண்காட்சி இல்லை. நாக்கு ஒரு புது ருசிக்குப் பழக நாளாகும். பள்ளிக்கூடத்துக்கு அந்த நாள்கள் இருந்தன.

ஆனா ஒண்ணு, இதிலும் எலன் நினைத்தது முழுசா நடக்கவில்லை. சாப்பிடுகிற பிள்ளைகள் புரதம், மாவுச்சத்து என்று கணக்குப் படித்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லி, ஊரே அறிவியல்படி சாப்பிடும் என்பது அவர் கனவு. பள்ளி உணவு அந்த அளவுக்குப் பாடமாக மாறவே இல்லை. பிள்ளைகள் அட்டவணையைக் கற்கவில்லை, சாப்பிட்டார்கள். பசியோடு உட்கார்ந்து கணக்குப் போடுவதைவிட அது மேல் என்பதுதான் பின்னாளில் இந்த மாதிரித் திட்டங்களுக்கு முக்கியமான நியாயமாக ஆனது.

பாடமும் சாப்பாடும் நிஜமாகவே ஒன்றாகச் சேர்ந்த ஒரு காட்சி, எலனின் கடைசிக் காலத்தில் அதே பாஸ்டனில் நடந்தது. 1910 ஜனவரியில் ஆரம்பப் பள்ளி ஒன்றில் பரிசோதனையாகத் தொடங்கினார்கள். வாரத்தில் மூன்று நாள், முற்பகலில், மனையியல் வகுப்பு மாணவிகளே சமைத்துக் கொடுப்பார்கள். மற்ற இரண்டு நாள் சாண்ட்விச்சும் பாலும். சாப்பிடத் தனி அறை கிடையாது. எழுதுகிற மேசையிலேயே வைத்துப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் இன்னும் ஐந்து பள்ளிகள் சேர்ந்தன, தினமும் 2,000 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சமைத்தவர்களுக்கு அது பாடம், சாப்பிட்டவர்களுக்கு அது பழக்கம்.

அந்த மனையியல் படிப்பே எலன் முன்னின்று வளர்த்ததுதான். 1899 முதல் 1908 வரை லேக் பிளாசிட் மாநாடு என்கிற பெயரில் வருஷா வருஷம் கூடி, உணவு, சுகாதாரம், வீட்டு நிர்வாகம் இவற்றையெல்லாம் பள்ளி, கல்லூரிப் பாடமாக்க வழி வகுத்தார்கள். 1908ல் அமெரிக்க மனையியல் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் எலன்தான்.

தாமதமா வந்த ரிசல்ட்

1911 மார்ச் 30ஆம் தேதி எலன் இறந்தார். வயது 68. இதய நோய்.

அடுத்த வருஷம், 1912ல், லண்டனில் வேலை செய்த காசிமிர் ஃபங்க் என்கிற உயிர்வேதியியலாளர் ஒரு புதுச் சொல்லை உருவாக்கினார். அந்தச் சொல் வைட்டமின்.

யோசிச்சுப் பாருங்க. எலன் காலத்து ஊட்டச்சத்து அறிவியலில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, கலோரி, தாது உப்பு, அவ்வளவுதான். அந்தக் கணக்குப்படி கீரையும் பழமும் வெறும் தண்ணீர். காசுக்கு ஏற்ற கலோரி கிடையாது. அதனால் இத்தாலியக் குடும்பங்கள் கையில் இருந்த கொஞ்சக் காசில் கீரையும் பழமும் வாங்கியது அன்றைய நிபுணர்கள் கண்ணுக்கு வீண் செலவாகத் தெரிந்தது. பல பொருளைக் கலந்து ஒரே பாத்திரத்தில் சமைத்தால் செரிக்காது என்றும் அன்று ஒரு கருத்து இருந்தது. பிறகு வைட்டமின் வந்தது. அந்தக் கீரைக்கும் பழத்துக்கும் மதிப்பு என்னன்னு லேபுக்கே அப்போதான் தெரிந்தது. பாட்டிமார்கள் பாத்திரத்தில் இருந்தது எதுவும் வீண் இல்லை. அளக்கிற கருவிதான் பாதி.

இதனால் எலன் சின்னவர் ஆகிவிடவில்லை. இல்லாத கருவியால் யாரும் அளக்க முடியாது. தன் காலத்தில் கிடைத்த அளவுகோலை வைத்து அவர் செய்த வேலையில், தண்ணீரும் கலப்படமும் பள்ளிச் சாப்பாடும் நிலைத்தன. 1946ல் அமெரிக்கா முழுவதற்குமான தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தபோது, அதற்கு முன்னால் பல நகரங்களில் பல பேர் போட்ட பாதை இருந்தது. பாஸ்டனில் அதைப் போட்டவர்களில் எலனும் ஒருவர். ஆனால் அளவுகோல் முழுசா இல்லாதபோது, எதிரே இருக்கிற மனுஷனைக் கேட்பது இன்னொரு அளவுகோல். அதை அவர் பிளெசன்ட் தெருவில் கையில் எடுக்கவில்லை.

நம்ம கதைக்கு வருவோம்

இதை ஒரு பொறியியல் கல்லூரி இதழில் ஏன் எழுதணும்னு கேட்டா, நாமும் அதே இனம்தான். கலோரி எண்ணுற ஆப் செய்றோம், ஹேக்கத்தானில் பரிசு வாங்குறோம், மெஸ் கமிட்டியில் உட்கார்ந்து எக்செல்லில் மெனு போடுறோம், முகாமுக்குப் போய் சார்ட் ஒட்டுறோம். எல்லாத்திலும் எண் சரியா இருக்கும். யாருக்காகச் செஞ்சோமோ அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம்.

இந்த வருஷமும் முகாம் வருது. சார்ட் கொண்டுபோகலாம், தப்பில்லை. ஆனா முதல் நாள் அதைச் சுருட்டி ஓரமா வச்சுட்டு, பிள்ளைங்களோட மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒரு தட்டோட நாமும் உட்காரலாம்னு எங்க குழுவில் பேசியிருக்கோம். காலையில் என்ன சாப்பிட்டீங்க, எது பிடிக்கும், எதைத் தட்டில் ஒதுக்குறீங்க, ஏன் ஒதுக்குறீங்கன்னு கேக்கப் போறோம். பதிலை எழுதி எடுத்துட்டு வந்த பிறகுதான் அடுத்த சார்ட் வரையுறது.

வர்றவங்க பேர் கொடுங்க. தட்டு அவங்கவங்க கொண்டுவரணும்.